கம்ப்யூட்டருக்கு வேர்த்த கதை

நான் ஏசி மெக்கானிக். இதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது என் வழக்கம். பக்கத்தில் மனைவி இருந்தால் மட்டும் நிமிர்த்துவதில்லை. முன்பெல்லாம் அவள் இருந்தாலும் நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் ஒரு வாரம் வந்து என்னை வளைத்துவிட்டது.

எங்கள் பகுதியில் எனக்குக் ‘கேஸ்காரர்’ என்று பெயர். அடுப்புக்கு சிலிண்டர் கொண்டுவந்து போடுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் ஏசிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறி, மூடியைத் திறந்து, உம்மென்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கேஸ் குறைஞ்சிருக்கு" என்பேன். பாதி நேரம் அது உண்மை. மீதிப் பாதி நேரம் என்ன கோளாறு என்று யோசிக்க எனக்கு அவகாசம் வேண்டுமே, அதற்காகச் சொல்வது. டாக்டர்கள் நாக்கை நீட்டச் சொல்வதில்லையா, அந்த மாதிரி. நாளடைவில் வீட்டுக்காரர்களே நான் ஸ்டூலில் ஏறுவதற்கு முன்பாக "கேஸ்தானே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் மனைவியின் வேலை இதைவிட கௌரவமானது. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் காட்டுவாள். சுவருக்கு என்ன நிறம், மேஜை எங்கே, காலை வெயில் ஜன்னல் வழியாக வந்தால் தரையில் எதுவரை விழும், எல்லாம் அதில் இருக்கும். அவள் ஒரு அறையை வரைந்து கொடுத்துவிட்டால், பிறகு கம்ப்யூட்டர் தனியாக உட்கார்ந்து அதை நிஜம் போன்ற படமாக மாற்ற வேண்டும். அதற்கு ரெண்டரிங் என்று பெயர். வீடியோவாக வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான படங்கள். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் மூச்சு விடாமல் உழைக்கும், கூடவே சூடாகும்.

முன்னால் ஒரு அலுவலகத்தில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். அவள் போட்ட படங்களுக்குக் கீழே மேனேஜர் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். ஒரு தடவை அவள் வரைந்த வீட்டை அவளுக்கே காட்டி, "நிழல் எப்படி விழணும்னு இதைப் பார்த்துக் கத்துக்கோ" என்றாராம். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்தாள். வீட்டில் இருந்த சின்ன அறையில் மேஜையைப் போட்டுத் தனியாக ஆரம்பித்தாள். சில்லறை வேலைகளாக வந்துகொண்டிருந்தன. பிறகு ஒரு பில்டர் ஒரு முழு அடுக்கு மாடிக் குடியிருப்பைச் சுற்றிக் காட்டும் வீடியோ கேட்டார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் வேண்டும். பிடித்திருந்தால் அவருடைய மற்ற கட்டடங்களும் அவளுக்குத்தான். நேரத்துக்கு வரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அந்த மேனேஜரும் விடவில்லை. "உன் நாற்காலி அப்படியேதான் இருக்கு, எப்ப வேணாலும் வா" என்று அடிக்கடி போன் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் போனை வைத்துவிட்டு நேராகத் தன் மேஜைக்குப் போய் உட்காருவாள். இந்த வேலை கைநழுவினால் அந்த நாற்காலிதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரத்தின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ரெண்டரிங்கை ஓடவிட்டால் சில நிமிஷம் ஓடும். மின்விசிறிகள் ஓவென்று கத்தும். பட்டென்று அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி அதே கதை. திரையில் ஒரு மூலையில் உள்ளே இருக்கும் பிராசஸரின் சூடு எத்தனை டிகிரி என்று காட்டும். அது தண்ணீர் கொதிக்கிற அளவுக்குப் போய்விட்டு அணைந்தது.

"அண்ணனைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியில் இருக்கிறார். நல்ல மனிதர். என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மாப்ளே, எங்க வீட்டு ஏசியை ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்பார். நான் இன்னும் போகவில்லை. அதனால் அவரைக் கூப்பிடுவதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம். அதைவிடப் பெரிய சங்கடம், இது சூடு சம்பந்தப்பட்ட விஷயம். சூடு என்றால் அது என் இலாகா.

"நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், அவர் எதுக்கு? ஊருக்கே குளிர் வைக்கறவன் வீட்ல ஒரு பொட்டி சூடானா வெளியாளைக் கூப்பிடுவாங்களா?"

"வெளியாள் இல்லீங்க, எங்க அண்ணன்."

"அதைத்தான் சொல்றேன்" என்றேன். என்ன சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை.

கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். இந்தக் கம்ப்யூட்டரில் பிராசஸருக்கு மேல் வெறும் மின்விசிறி கிடையாது. கைக்கு அடக்கமாக ஒரு சின்ன பம்ப் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் ஒரு ரேடியேட்டருக்குப் போகும். பம்ப் தண்ணீரைத் தள்ளும், தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும், அங்கே மின்விசிறி அதை ஆற்றி அனுப்பும். எல்லாம் மூடி முத்திரை வைத்தது, திறக்க வழி இல்லை. நான் குனிந்து உம்மென்று பார்த்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கேஸ் குறைஞ்சிருக்கு."

"இதுல கேஸே கிடையாதுங்க" என்றாள் அவள்.

"தெரியும். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

தூசியாக இருக்கும் என்று ப்ளோயரைக் கொண்டுவந்து அடித்தேன். ஏசியின் வெளிப்பெட்டிக்கு அடிக்கிற ப்ளோயர் அது. தூசி போனது, மேஜையில் இருந்த காகிதங்களும் போயின, அவளுடைய காதணி ஒன்று எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. சூடு மட்டும் போகவில்லை. அவள் கையை நீட்டி இரண்டு குழாய்களையும் மாறி மாறித் தொட்டாள்.

"ஒண்ணு கொதிக்குது, இன்னொண்ணு சும்மா இருக்கு. ரேடியேட்டரும் ஜில்லுன்னு இருக்கு. தண்ணி அங்க போகவே இல்லையோ?"

குழாயைத் தொட்டுப் பார்த்துக் கோளாறு சொல்வது என் பிழைப்பு. தினமும் அதைத்தான் செய்கிறேன். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். ஸ்க்ரூடிரைவரின் முனையை பம்ப் மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே களக் களக் என்று ஒரு சத்தம். தண்ணீரோடு காற்றும் சேர்ந்து சுற்றினால் வரும் சத்தம். பம்ப் காற்றை விழுங்கித் தேய்ந்து போயிருந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே, பம்ப்புன்னு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தேன்.

அன்றைக்கே புதிதாக வாங்கக் கடைக்குப் போனோம். ஒரு சந்தில் மாடிப்படி ஏறிப் போக வேண்டிய கடை. கல்லாவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. என் மனைவி போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். அந்த அம்மா விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ரேடியேட்டரைக் கேபினெட்டுக்கு அடியில மாட்டியிருக்காங்களே, யாரு மாட்டினது?"

மனைவி கடையின் மேல்கூரையைப் பார்த்தாள்.

மாட்டியது நான். மச்சான் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்த அன்று, "நானே மாட்டித் தர்றேன்" என்றவரை உட்கார வைத்துக் காபி கொடுத்துவிட்டு நானே மாட்டினேன். என் கணக்கு ரொம்ப எளிமையானது. ஏசியில் குளிர் தருகிற பெட்டி சுவரில் உயரமாக இருக்கும், சூட்டை வெளியே தள்ளுகிற பெட்டியை நான் எப்போதும் கீழேதான் வைப்பேன். ஆயிரம் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். இங்கே சூட்டைத் தள்ளுவது ரேடியேட்டர். ஆகவே அது கீழே. எவ்வளவு நேர்த்தியான யோசனை என்று அன்று எனக்கே பெருமை பிடிபடவில்லை.

"யாரோ மாட்டினாங்க" என்றேன்.

"தண்ணிக்குள்ள கொஞ்சம் காத்து எப்பவும் இருக்கும் சார். காத்து மேல ஏறும். ரேடியேட்டர் கீழ இருந்தா இருக்கறதுலயே பம்ப்புதான் உயரம். அவ்வளவு காத்தும் அதுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். பாவம், அது காத்தையே அடிச்சு அடிச்சு செத்திருக்கு."

"பாவம்" என்று நானும் சொன்னேன். மனைவி இன்னும் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த அம்மா மூன்று வகைகளைக் காட்டினார். முதலாவது, தண்ணீரே இல்லாதது. தகடு தகடாக அடுக்கிய ஒரு பெரிய உலோகக் கோபுரம், அதன் பக்கத்தில் ஒரு மின்விசிறி. கெட்டுப்போனால் அந்த மின்விசிறி மட்டும்தான் கெடும். கேபினெட்டுக்குள் உயரம் பத்துமா என்று பார்த்துக்கொண்டால் போதும். இரண்டாவது, இப்போது இருப்பது போல மூடி முத்திரையிட்டது. ரேடியேட்டரில் இரண்டு விசிறியா மூன்று விசிறியா என்பதுதான் கேள்வி, மேலே மாட்ட இடம் இருக்க வேண்டும். மூன்றாவது, தொட்டி, பம்ப், குழாய், ரேடியேட்டர் என்று எல்லாவற்றையும் உதிரியாக வாங்கி நாமே இணைப்பது. கண்ணாடி மாதிரிக் குழாய், அதற்குள் கலர் தண்ணீர். ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும், வருஷா வருஷம் தண்ணீரை மாற்ற வேண்டும், பாசி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். கேபினெட்டின் உள்ளளவை வீட்டிலேயே எடுத்து வைத்திருந்தாள். கோபுரத்தை அளந்தாள். "இது உள்ள நிக்கும். இதுவே போதுங்க. தண்ணியும் வேணாம், பம்ப்பும் வேணாம். எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேலை முடியணும்."

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். நியாயமான பெண், நியாயமான பொருள், வீட்டுக்குப் போய் மாட்டினோமா ரெண்டரிங் போட்டோமா என்று இருந்திருக்கலாம். ஆனால் நான் அந்த மூன்றாவது அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நீலத் தண்ணீர் ஓடும் ஒரு மாதிரிப் பெட்டியை விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். வாழ்க்கை முழுக்கக் குழாய் வளைத்தவன் நான். ஆனால் நான் வளைத்த குழாய் ஒன்றைக்கூட யாரும் நின்று பார்த்ததில்லை. எல்லாம் சுவருக்குப் பின்னால், கறுப்பு ஃபோம் சுற்றி, மொட்டை மாடியில், புறாக்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

"ஏசி மெக்கானிக் வீட்ல ஃபேன் வச்சு ஆத்தறதா? நாளைக்கு நாலு பேர் பார்த்தா என்ன சொல்வாங்க?"

"அந்த ரூமுக்கு எந்த நாலு பேர் வரப்போறாங்க?"

"ஒரே நாள். ஒரே நாள்ல போட்டுத் தர்றேன். என் மேல நம்பிக்கை இல்லையா?"

இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. கல்யாணமான பெண்ணிடம் கடையில் வைத்து இதைக் கேட்டால் அவளால் வேறு என்ன சொல்ல முடியும்? "சரி" என்றாள். ஸ்கேலைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த அம்மா ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டு பில் போட ஆரம்பித்தார்.

வேலையை நன்றாகவே செய்தேன். என்னைக் கேலி செய்துகொள்ளும் அவசரத்தில் இதைச் சொல்லாமல் விட்டுவிட மாட்டேன். ரேடியேட்டரை இந்தத் தடவை மேலே மாட்டினேன். தொட்டியைப் பம்ப்பைவிட உயரத்தில் வைத்தேன். குழாயைச் சூடு காட்டிச் சுருக்கம் விழாமல் வளைத்தேன். மற்ற எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் நெடுநேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டு முழு வேலை கொடுத்தோம். எழுபது டிகிரிக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றது. அணையவில்லை. மனைவியின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு சிரிப்பு வந்தது.

"போதுங்க, அருமையா இருக்கு. நான் ரெண்டரிங்கைப் போட்டுடட்டுமா?"

"எழுபதா?" என்றேன். "எழுபதெல்லாம் ஒரு கூலிங்கா?"

வீட்டின் பின்பக்கத்தில் ஒரு குடிதண்ணீர் மெஷின் கிடந்தது. ஒரு அலுவலகத்தில் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை நான் எடுத்து வந்திருந்தேன். தண்ணீரை ஜில்லென்று ஆக்குகிற பகுதி, அதாவது சில்லர், அதில் நன்றாகவே வேலை செய்தது. அதைக் கழற்றி மேஜைக்கு அடியில் வைத்து, நீலத் தண்ணீர்க் குழாயை அதன் குளிர்த் தொட்டிக்குள் ஒரு சுருள் சுருட்டி விட்டேன். அவள் கதவோரம் நின்று கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில்லரின் பிளக்கைச் செருகினேன். திரையின் மூலையில் எண் இறங்கியது. அறுபது. நாற்பது. இறங்கிக்கொண்டே வந்து, முழு வேலையிலும் இருபதைச் சுற்றி நின்றது. அறையே அதைவிடச் சூடாக இருந்தது.

நானே கைதட்டிக்கொண்டேன். யாரும் சேர்ந்து தட்டவில்லை.

பெட்டியைப் படம் எடுத்து எங்கள் மெக்கானிக்குகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "நம்ம கை வேலை" என்று கீழே எழுதினேன். ஒருத்தர் "தலைவா" என்றார். ஒருத்தர் கும்பிடும் படம் போட்டார். ஒருத்தர் மட்டும், "பைப்புக்கு ஃபோம் சுத்தலியா?" என்று கேட்டிருந்தார். ஃபோம் சுற்றினால் நீலத் தண்ணீர் எப்படித் தெரியும்? பொறாமை பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டேன். நான் குழுவில் வாழ்த்துகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் ஒருவழியாக ரெண்டரிங்கை ஓடவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியம்வரை நிற்காமல் ஓடினால்தான் முடியும் என்றாள். "நிக்காது" என்றேன்.

மறுநாள் காலையில் விசில் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியத்துக்கு முன்னால் ஒரு டீச்சர் வீடு. மூன்றாவது மாடி. ஏசியிலிருந்து சோபா மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார். பார்த்தால், ஏசி ஓடும்போதே ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் நான் கேஸ் என்று சொல்லவில்லை. ஸ்டூலில் நின்றபடியே பாடம் நடத்த ஆரம்பித்தேன்.

"இது ஒழுகலை டீச்சர், வேர்க்குது. வெளிக் காத்துல ஈரம் இருக்கும். அது ஜில்லுன்னு இருக்கற எது மேல பட்டாலும் தண்ணியா மாறிடும். ஃபிரிட்ஜ்ல இருந்து பாட்டிலை வெளிய எடுத்து வச்சா வேர்க்கும் பாருங்க, அதேதான்."

"ஓ! அப்ப குழாய்க்கெல்லாம் கறுப்பா பஞ்சு மாதிரி சுத்தறீங்களே, அதுவும் இதுக்குத்தானா?"

"அதுக்கேதான். அது சுத்தாம விட்டா குழாய் பூரா வேர்த்து, சொட்டு சொட்டா கீழ இருக்கற சாமான் மேல எல்லாம்..."

கண்முன்னால் நீலத் தண்ணீர் ஓடும் என் அழகான கண்ணாடிக் குழாய். அதற்கு நேர் கீழே அத்தனை சர்க்யூட்டும். அறையைவிடக் குளிர்ந்த குழாய். எங்கள் சின்ன அறையிலும் எந்நேரமும் திறந்தே கிடக்கும் ஜன்னல்.

"என்னாச்சு? கேஸ் போச்சா?" என்றார் டீச்சர்.

"டீச்சர், வந்துடறேன்" என்று ஸ்டூலிலிருந்து குதித்தேன். ஏசியின் மூடி என் கையிலேயே இருந்தது. பாதிப் படியில் அதைக் கவனித்து, மறுபடி மேலே ஓடிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். மனைவிக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் ஏறி எப்படி வந்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு சிக்னலும் எனக்காகவே சிவப்பாக இருந்தது. பிராசஸர் போனாலும் பரவாயில்லை, கரண்ட் வயரில் தண்ணீர் இறங்கி அவள் தொட்டுவிட்டால் என்று நினைத்து ஸ்கூட்டரை இன்னும் முறுக்கினேன். என் ஜம்பத்துக்கு அவள் விலை கொடுக்க வேண்டியதாகிவிடுமோ என்று அந்தச் சாலையில் நான் பயந்த மாதிரி வாழ்நாளில் பயந்ததில்லை.

செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

"தொடாதே!" என்று கத்தினேன்.

"என்னங்க..."

சொல்லி முடிக்க விடவில்லை. சுவரில் சுவிட்சை அணைத்தால் யூபிஎஸ் விடாமல் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும் என்று தெரியும். அந்த நேரத்திலும் என் மூளை அவ்வளவு கூர்மையாக வேலை செய்தது. கேபினெட்டின் பின்னால் கையை விட்டேன். காலில் எதுவோ நறுக்கென்று குத்தியது. பொருட்படுத்தாமல் வயரை ஒரே இழுப்பாகப் பிடுங்கினேன். திரை இருண்டது. விசிறிகள் மெல்ல நின்றன. வீட்டில் சத்தமே இல்லை.

"காப்பாத்திட்டேன்" என்றேன். மூச்சு வாங்கியது.

அவள் கத்தியைத் தட்டில் வைத்தாள். என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் மிதித்துக்கொண்டிருந்தது சில்லரின் பிளக். முனைகள் மேலே பார்க்க, தரையில் கிடந்தது.

"நேத்து நீங்க போட்டோ புடிச்சு முடிச்சதுமே குழாய்ல முத்து முத்தா தண்ணி கோத்துக்கிச்சு. ராத்திரி பூரா துடைக்கத் துடைக்க மறுபடி வந்துச்சு. காலையில நீங்க கிளம்பினதும் பிளக்கைப் பிடுங்கிட்டேன். அதுக்கப்புறம் எழுபதுலதான் ஓடிட்டிருந்துச்சு. நல்லாதான் ஓடிட்டிருந்துச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீங்க அதைச் சரி பண்ண உட்கார்ந்துடுவீங்களே."

முதலிலிருந்து ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது என்று எனக்குத் தெரியும். சூடு நிறுத்தாததை, தண்ணீர் நிறுத்தாததை, நான் வந்து நிறுத்தியிருக்கிறேன். அந்த அலுவலகத்து நாற்காலியில் அவள் மறுபடி போய் உட்காருவது என் கண்ணுக்குத் தெரிந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அதை இருமல் மாதிரி ஆக்க முயன்றேன்.

அவள் எழுந்து வந்து வயரை என் கையிலிருந்து வாங்கினாள். வாங்கினாள் என்று சொல்வது மரியாதைக்கு, என் பிடி அவ்வளவு இறுக்கமாக இருந்தது. மறுபடி செருகிக் கம்ப்யூட்டரைப் போட்டாள். எதையோ திறந்தாள், ஏதோ ஒரு எண்ணைத் தட்டினாள். திரையில் முன்பு பார்த்த அதே வராந்தா, அதே வெயில், அடுத்த படம் வர ஆரம்பித்தது. விட்ட இடத்திலிருந்து.

"ஒரு படம்தான் போச்சு. ஆப்பிள் சாப்பிடறீங்களா?" என்றாள்.

விஷயம் என்னவென்றால், அவள் அதை ஒரே வீடியோவாக ஓடவிடவில்லை. ஒவ்வொரு படமும் முடிந்ததும் தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளும்படி வைத்திருந்தாள். நடுவில் நின்றால் அப்போது வரைந்துகொண்டிருந்த அந்த ஒரு படம் மட்டும்தான் நஷ்டம். கடைசியில் எல்லாவற்றையும் கோத்து வீடியோ ஆக்கிக்கொள்ளலாம். வேலையை ஆரம்பித்தபோதே அப்படி வைத்துவிட்டாளாம்.

ஆப்பிளைச் சாப்பிட்டுவிட்டு டீச்சர் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். "ஜன்னலைச் சாத்திட்டேன், நின்னுடுச்சு" என்றார். மாலையில் சில்லரைக் கழற்றிப் பின்பக்கத்திலேயே கொண்டுபோய்ப் போட்டேன். குழுவில் அந்தப் படத்துக்கு இன்னும் கும்பிடுகள் வந்துகொண்டிருந்தன. "சில்லர் வேலைக்கு ஆகலை, குழாய் வேர்த்துடுச்சு, ஃபோம் கேட்டவர் சொன்னது சரி" என்று எழுதிப் போட்டேன். அதற்கு ஒருத்தரும் பதில் போடவில்லை, சிரிக்கிற முகங்களை மட்டும் வரிசையாகப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைசிப் படம் வந்தது. அவள் கோத்து, பார்த்து, இரண்டு இடத்தில் ஏதோ திருத்தி, மாலைக்கு முன்பே அனுப்பிவிட்டாள். வீடியோவின் கடைசியில் அவளுடைய பெயர் மட்டும் வந்தது. நான் அதை நிறுத்தி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. இந்தத் தடவை அது என்னைப் பற்றிய பெருமை இல்லை. பில்டர் கூப்பிட்டார். மற்ற கட்டடங்களின் வரைபடங்களைத் திங்கட்கிழமை அனுப்புவதாகச் சொன்னார். பிறகு அவளே அந்த மேனேஜருக்குப் போன் செய்து, "சார், இனிமே எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். நல்ல மனநிலையில் இருந்தாள். இதுதான் சமயம் என்று அவளைப் புகழ நினைத்தேன்.

"நீ கெட்டிக்காரிதான். கரண்ட் போயிடும்னு முன்னாடியே யோசிச்சு ஒவ்வொரு படமா சேர்த்து வச்சே பாரு."

அவள் நான் மடித்த உறையை வாங்கிப் பிரித்து, சரியாக மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள்.

"கரண்ட் போனா யூபிஎஸ் பார்த்துக்கும்" என்றாள். "நீங்க வந்தா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.